பூமியைச் சுழல விட்டது எது? மட்டக்களப்பில் நின்று அதை எதைக் கொண்டு காட்டலாம்?

கல்லடி ரீச்சர் கேட்டது:

தரம் 9, 10 பிள்ளைகளுக்குப் புவிச்சுழற்சி பற்றி ஒரு பட்டறை. இடம் கல்லடி. கையில் இருப்பவை: 6 மீற்றர் உயரமான மண்டபம், சுழல் கதிரை, விற்றராசு, விளையாட்டு அறையில் இரும்புக் குண்டுகள், பிள்ளைகளிடம் போன். தொலைநோக்கி இல்லை.

பிள்ளைகள் எழுதித் தந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை: பூமியை முதலில் சுழற்றிவிட்டது எது? இன்னும் ஏன் நிற்கவில்லை, உள்ளே ஏதும் தள்ளிக்கொண்டிருக்கிறதா? இந்த ஓட்டம் நமக்கு ஏன் தெரிவதில்லை? ஹெலிகொப்டர் மேலே போய் அசையாமல் நின்றால் கொழும்பு தானாகக் கீழே வந்துசேராதா? சூறாவளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

புத்தகங்களில் உள்ள பரிசோதனைகள் ஐரோப்பிய அகலக்கோடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை போல இருக்கின்றன. நம்முடைய இடத்தில் உண்மையாகவே வேலை செய்வது எது? எண்களோடு சொல்லுங்கள். பிள்ளைகள் கணக்குக் கேட்பார்கள்.

வாவிக்கரை எழுதியது:

ரீச்சர், முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். சுழலத் தொடங்கத்தான் காரணம் வேண்டும், சுழன்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு இது பிடிபடாமல் போவது, அவர்கள் கண்ட பம்பரம், சைக்கிள் சில்லு, மின்விசிறி எல்லாம் கடைசியில் நிற்பதால். அவற்றை நிறுத்துவது உராய்வு. பூமிக்கு அச்சாணியும் இல்லை, பெயாரிங்கும் இல்லை, சுற்றிவர வெற்றிடம். வளிமண்டலம் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, ஆகவே அதுவும் பூமியைப் பிடித்து நிறுத்தாது. உள்ளே தள்ளுவது ஒன்றுமில்லை. சூரியனின் ஈர்ப்புச் சுழற்றுகிறது, பூமியின் நடுவிலுள்ள அகணியின் காந்தம் சுழற்றுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் பிழை, பட்டறையில் இதைப் பேர் சொல்லியே மறுத்துவிடுங்கள்.

தொடங்கியது எப்படி? ஏறத்தாழ 460 கோடி வருடங்களுக்கு முன் சூரியத்தொகுதி வாயுவும் தூசும் கலந்த ஒரு பெரிய முகிலாக இருந்தது. அதிலிருந்த துணிக்கைகள் எல்லாத் திசையிலும் ஓடின. அத்தனை ஓட்டத்தையும் கூட்டிக் கழித்தால் மிச்சம் சரியாகப் பூச்சியம் என்று வராது, ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சம் சுழற்சி மிஞ்சியே தீரும். முகில் தன் ஈர்ப்பால் சுருங்கச் சுருங்க அந்தக் கொஞ்சம் பெரிதாகிறது. கோண உந்தம், அதாவது திணிவும் ஆரையும் வேகமும் சேர்ந்த சுழற்சியின் அளவு, மாறாது என்பதால் ஆரை பத்திலொன்று ஆனால் கோண வேகம் நூறு மடங்கு. நடுவில் சூரியன், சுற்றித் தட்டையான வட்டு, வட்டில் மோதி ஒட்டிச் சேர்ந்த கோள்கள். வடக்கிலிருந்து பார்த்தால் சூரியனும் பெரும்பாலான கோள்களும் இடஞ்சுழியாகச் சுழல்வது அந்தப் பழைய சுழற்சியின் தொடர்ச்சி. வெள்ளி எதிர்ப்பக்கமாக, 243 நாளுக்கு ஒரு தடவை சுழல்கிறது. யுரேனசு 98 பாகை சரிந்து கிடக்கிறது. மோதல்களும் நீண்டகால இழுவைகளும் பிறகு எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு இவை சாட்சி. நம்முடைய பூமியையும் செவ்வாய் அளவான ஒன்று மோதி, அந்தச் சிதறலில் சந்திரன் உண்டானது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். அந்த மோதலுக்குப் பின் ஒரு நாள் என்பது ஐந்தாறு மணித்தியாலம் அளவில் இருந்திருக்கும்.

இதைக் காட்டச் சுழல் கதிரை போதும். பிள்ளை இரு கையிலும் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக் கையை நீட்டி இருக்க வேண்டும். மெதுவாகச் சுழற்றிவிடுங்கள், இரண்டு செக்கனுக்கு ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். கையை நெஞ்சோடு இழுத்தால் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டும். கதிரை நான்கு கால் உள்ளதாக இருந்தால் சரியும், ஐந்து கால் உள்ளதை எடுங்கள், கால்ச் சில்லுகளுக்கு அடியில் துணி செருகுங்கள். தண்டு காய்ந்திருந்தால் கையை இழுக்க முன்னரே வேகம் போய்விடும், அதனால் முதல்நாளே எண்ணெய் விடுங்கள்.

எதிர்ப்பக்கத்தைக் காட்ட வாவிக்கரைக்குப் போங்கள். வீச்சுவலை எறிகிறவர் கையிலிருந்து விடும்போது ஒரு திருப்புக் கொடுப்பார். விளிம்பில் கோத்த ஈயக் குண்டுகள் வெளியே ஓட, கையில் கயிறுபோலக் கிடந்த வலை தண்ணீரில் விழ முன் வட்டமாகிவிடும். அது விரிய விரியச் சுழற்சி மந்தமாவதையும் போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்துப் பார்க்கலாம். பூமியும் அப்படித்தான் இடுப்பில் பருத்திருக்கிறது: மத்தியகோட்டு ஆரை 6,378 கிலோமீற்றர், முனைவு ஆரை 6,357. இருபத்தொரு கிலோமீற்றர் வித்தியாசம்.

ஓட்டம் ஏன் தெரிவதில்லை? மட்டக்களப்பு செக்கனுக்கு 461 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,659 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே போகிறது. நம் உடலுக்குத் தெரிவது வேகம் அல்ல, வேக மாற்றம். இங்கே திசை திரும்புவதால் வரும் ஆர்முடுகல் 0.034 மீற்றர்/செக்கன்², ஈர்ப்பின் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான். ஹெலிகொப்டர் தரையில் நின்றபோதே அந்த 461 மீற்றர் வேகம் அதற்கு உண்டு, காற்றுக்கும் உண்டு. மேலே எழும்பியதும் அது தொலைந்துபோவதில்லை. தொலைந்துபோனால்தான் ஏழரை நிமிடத்தில் கொழும்பு கீழே வரும்.

499 ஆம் ஆண்டில் ஆரியபட்டர் இதைத் தோணியை வைத்துத்தான் விளக்கினார். தோணியில் முன்னே போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னே போவதுபோலத் தெரிகிறதே, அதேபோல இலங்கையில் நின்று பார்ப்பவருக்கு அசையாத நட்சத்திரங்கள் நேரே மேற்கே போவதாகத் தெரிகிறது என்றார். அவர் சொல்லும் இலங்கை மத்தியகோட்டில் கணிப்புக்காக வைத்த புள்ளி. என்றாலும் தோணியில் ஏறி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான உவமை எனக்குத் தெரியாது.

அக்கரை வானம் எழுதியது:

ரீச்சர் கேட்டதில் "நம்முடைய இடத்தில்" என்பதுதான் முக்கியமான சொல். நம்முடைய அகலக்கோடு வடக்கு 7.7 பாகை. சுழற்சியின் விளைவுகளில் ஒரு பகுதி அகலக்கோட்டின் கோசைனோடு போகும்: கிழக்கே ஓடும் வேகமும், சுழற்சி வெளியே தள்ளும் மையநீக்கமும் அப்படி. கோசைன் 7.7 என்பது 0.991, அதாவது நமக்குக் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைக்கிறது. இன்னொரு பகுதி சைனோடு போகும்: ஊசலின் திரும்பல், காற்றின் விலகல். சைன் 7.7 வெறும் 0.134. ஐரோப்பியப் புத்தகங்கள் இரண்டாவதை முன்னுக்கு வைக்கின்றன, ஏனென்றால் அங்கே அது பெரிது. நாம் முதலாவதை முன்னுக்கு வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நல்லது நட்சத்திரத்தை நேரம் பிடிப்பது. அது எந்த அகலக்கோட்டிலும் ஒரே விடை தரும், செலவும் இல்லை. பூமி ஒரு முழுச்சுற்றுச் சுழல 24 மணித்தியாலம் எடுப்பதில்லை, 23 மணி 56 நிமிடம் 4 செக்கன்தான் எடுக்கிறது. அந்த நேரத்துக்குள் பூமி சூரியனைச் சுற்றி ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், சூரியன் பழைய இடத்துக்கு வர இன்னும் 3 நிமிடம் 56 செக்கன் சுழல வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே நட்சத்திரம் ஒரே விளிம்பில் தினமும் 3 நிமிடம் 56 செக்கன் முந்தி மறையும். பத்து இரவில் இது 39 நிமிடம் 19 செக்கன் ஆகும், கைப்போனால் அளக்கப் போதுமான அளவு.

செய்யும் முறை: மேற்கே ஒரு கட்டடத்தின் நேரான மேல்விளிம்பைத் தெரிவு செய்யுங்கள். கொங்கிரீட் கூரைத்தட்டு அல்லது மதில் நல்லது. தென்னோலையும் தகரக்கூரையின் வளைந்த நுனியும் கூடாது. விளிம்பு கண்ணிலிருந்து 10 மீற்றருக்குக் குறையாத தூரத்தில், 30 பாகை அளவு உயரத்தில் தெரிய வேண்டும். தூணிலோ யன்னல் கம்பியிலோ ஒரு தடித்த அட்டையை அசையாமல் கட்டி, அதில் 2 மில்லிமீற்றர் துளை போடுங்கள். அந்தத் துளையால் மட்டும் பாருங்கள்.

துளை ஏன் என்றால், இருட்டில் கண்மணி 6 மில்லிமீற்றர் அளவுக்கு விரியும். 10 மீற்றர் தூர விளிம்பில் அது நட்சத்திரம் மங்கத் தொடங்கி முழுசாய் மறைய 8 செக்கன் வரை இழுக்கும். தலை 1 மில்லிமீற்றர் ஏறி இறங்கினாலே 1.4 செக்கன் பிழை. விளிம்பு 3 மீற்றரில் இருந்தால் அதே அசைவு 4.6 செக்கன். துளை இரண்டையும் அடக்கிவிடும்.

நட்சத்திரத்துக்கு ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றில் வடமேற்குப் பக்கத்து நுனியை எடுங்கள். அது வான்மத்தியகோட்டில் (பூமியின் மத்தியகோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) இருந்து அரைப் பாகைகூட விலகவில்லை, ஆகவே மிக விரைவாக, மணிக்கு 15 பாகை, நகரும். அகத்திய நட்சத்திரம் பிரகாசமாக இருந்தாலும் வேண்டாம், தெற்கே 52 பாகைக்கு மேல் தள்ளி நிற்பதால் அதன் நகர்வு ஓரியனின் அறுபது வீதம்தான், மறையும் கணம் இழுபடும். கோள்களை எடுத்தால் கணக்கு வராது, அவை தாமும் நகர்கின்றன. சந்திரனை எடுத்தால் முந்துவதற்குப் பதிலாக நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும்.

போன் நேரம் வலையமைப்பிலிருந்து தானாகத் திருந்தும்படி வைத்து, இரண்டு முறையும் அதே போனைப் பாவியுங்கள். மறைந்த கணத்தில் ஒரு பிள்ளை "போச்சு" என்று சொல்ல, மற்றப் பிள்ளை செக்கன் காட்டும் மணிக்கூட்டைப் படம்பிடிக்க வேண்டும். பத்து இரவு இடைவெளியில் மொத்தம் 3 செக்கன் பிழை விட்டாலும் நாளுக்கு 0.3 செக்கன்தான்.

வாவிக்கரை சொன்ன ஆரியபட்டர் ஒரு யுகத்துக்குத் தரும் நாட்களை அதே யுகத்துக்கான பூமியின் சுழற்சிகளால் பிரித்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 செக்கன் வரும். பிள்ளைகள் தாங்களே அளந்து முடித்த பிறகு இதைச் சொல்லுங்கள், முன்னமே சொன்னால் விடையைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

கல்லடி ரீச்சர்:

மிக்க நன்றி, இருவருக்கும். இரண்டு சந்தேகம். புத்தகத்தில் நட்சத்திரத்தைச் சுவரின் நிலைக்குத்தான ஓரத்தில் மறைய விடச் சொல்கிறது. நீங்கள் மேல்விளிம்பு என்கிறீர்கள். அடுத்தது, மண்டபத்தில் பூக்கோவின் ஊசலை (பூமி சுழல்வதால் ஆடும் தளம் மெல்லத் திரும்பும் நீண்ட ஊசல்) தொங்கவிடலாம் என்று ஆசை. 6 மீற்றர் போதுமா?

அக்கரை வானம்:

நிலைக்குத்து ஓரம் அவர்களுக்குச் சரி. அங்கே நட்சத்திரங்கள் சரிந்த பாதையில் போகும், தெற்கே பார்த்த சுவரோரத்தைக் குறுக்கே வெட்டும். நமக்கு மேற்குவானில் அவை நேரே கீழ் நோக்கி இறங்கும், நிலைக்குத்திலிருந்து 7.7 பாகைதான் சரிவு. நிலைக்குத்து ஓரத்தில் பிடித்தால் நட்சத்திரம் ஓரத்தோடு உரசிக்கொண்டே இறங்கும், எப்போது மறைந்தது என்று சொல்லவே முடியாது. கிடையான விளிம்பு அதை நேராக வெட்டும்.

ஊசல் பற்றி மருதமுனை வேக்ஷொப் சொல்வது நல்லது, அவர்தான் இரும்பும் கம்பியும் தெரிந்தவர்.

மருதமுனை வேக்ஷொப்:

ரீச்சர், செய்யலாம், ஆனால் முதல் நாளே வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். பாரிசில் 1851 இல் பூக்கோ தொங்கவிட்டது 67 மீற்றர் கம்பி, 28 கிலோ குண்டு. அங்கே மணிக்கு 11 பாகைக்கு மேல் திரும்பும். நமக்கு 15.04 ஐ 0.134 ஆல் பெருக்குங்கள்: மணிக்கு 2 பாகை. ஒரு முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ ஏழரை நாள். நடுவிலிருந்து 30 சென்ரிமீற்றர் வீச்சுக்கு ஒரு மணித்தியாலத்தில் நுனி நகர்வது ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர். பார்க்கக் கூடியதுதான், ஆனால் அதை விழுங்கக்கூடிய பிழைகள் அதைவிடப் பெரியவை.

முதல் எதிரி நீள்வட்டம். குண்டு நேர்கோட்டில் ஆடாமல் மெல்லிய நீள்வட்டத்தில் ஆடினால், பூமி சுழலாவிட்டாலும் ஆடும் தளம் தானாகத் திரும்பும். 6 மீற்றர் ஊசலில் 30 சென்ரிமீற்றர் வீச்சு வைத்து, நீள்வட்டத்தின் அரை அகலம் 1 சென்ரிமீற்றர் வந்தால் அது மட்டும் மணிக்கு 8 பாகை திருப்பும். நமக்கு வேண்டியது 2 பாகை. ஆகவே அந்த அரை அகலத்தை 1 மில்லிமீற்றருக்குள் அடக்க வேண்டும், அப்போதும் 0.8 பாகை கலப்படம் இருக்கும். நீள்வட்டம் எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அந்தப் பக்கமே திருப்பும் என்பதால், குண்டு இடஞ்சுழியாக ஓடினால் ஊசல் பிழையான திசையில் திரும்புவதைக் கண்டு பிள்ளைகள் பூமி எதிர்ப்பக்கம் சுழல்வதாக எழுதிவிடுவார்கள். வட அரைக்கோளத்தில் சரியான திரும்பல் வலஞ்சுழி.

இதை அடக்கக் குண்டைக் கையால் விடக் கூடாது. பருத்தி நூலால் பக்கத்துத் தூணுக்கு இழுத்துக் கட்டி, குண்டின் நடுக்கம் முழுவதும் அடங்க ஐந்து நிமிடம் விட்டு, நூலை மெழுகுதிரியால் எரியுங்கள். நைலோன் நூல் உருகி இழுபடும், வேண்டாம்.

இரண்டாவது எதிரி மேலே பிடிக்கும் இடம். கம்பியைக் கொக்கியில் முடிந்தால் ஒரு பக்கம் இளக்கமும் மறுபக்கம் இறுக்கமுமாக இருக்கும், ஊசல் தனக்குப் பிடித்த தளத்துக்குப் போய் நிற்கும். பழைய ட்ரில் இயந்திரத்தில் அலகைப் பிடிக்கும் "சக்" என்ற பாகத்தைக் கழற்றி, தலைகீழாக இரும்புத்தட்டில் இறுக்கி, 0.7 மில்லிமீற்றர் உருக்குக் கம்பியை அதன் மூன்று தாடைக்குள் பிடியுங்கள், எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி வளையும். தட்டைக் கொங்கிரீட் வளையில் போல்ட் போடுங்கள். கூரைக் கைமரமும் இரும்புக் குழாய்ச் சட்டமும் குண்டோடு சேர்ந்து ஆடும்.

குண்டுக்கு நீங்கள் சொன்ன விளையாட்டுக் குண்டே போதும், ஆண்கள் எறிவது 7.26 கிலோ. கொளுக்கியை ஒட்டும்போது நடுவைப் பிசகவிடாதீர்கள். சரிந்து தொங்கும் குண்டு தன்னையே சுற்றிக்கொண்டு ஆடும். ஒட்டிய பிறகு நூலில் தொங்கவிட்டுச் சுழற்றிப் பாருங்கள், விளிம்பு தள்ளாடினால் பிசகு.

மின்விசிறி நிறுத்தி, கடல் பக்கத்து யன்னல்களை அடைத்து, ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கள். பிறகு முதல் தளத்துக்குச் செங்குத்தான தளத்தில் இன்னொரு மணித்தியாலம். இரண்டும் ஒரே அளவு வலஞ்சுழியாகத் திரும்பினால் அது பூமி. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் அது உங்கள் சக். இரண்டின் சராசரி 2 பாகைக்குக் கிட்ட வந்தால் நல்ல வேலை.

பொத்துவில் கரையோரம்:

சூறாவளிக் கேள்வியை யாரும் தொடவில்லை. அக்கரை வானம் சொன்ன அந்த 0.134 இங்கேதான் வேலை காட்டுகிறது, ஏனென்றால் காற்றுக்கு நேரமும் தூரமும் தாராளமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஓடும் காற்று ஒரு மணித்தியாலத்தில் 36 கிலோமீற்றர் போகும். நம்முடைய அகலக்கோட்டில் அதற்குள் வலப்பக்கம் ஏறத்தாழ 1.3 கிலோமீற்றர் விலகும். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் பத்துச் செக்கன் ஓடினால் விலகல் 0.1 மில்லிமீற்றர். ஆகவே தொட்டித் தண்ணீர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைத் தீர்மானிப்பது குழாயின் வாயும் தொட்டியின் சரிவும்தான். அதைப் புவிச்சுழற்சிக்குச் சான்றாகக் காட்டும் வீடியோக்களைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். 1962 இல் ஷப்பிரோ என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 42 பாகையில், ஏறத்தாழ 1.8 மீற்றர் அகலத் தொட்டியில் தண்ணீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டுத்தான் இடஞ்சுழியைக் கண்டார். நமக்கு விளைவு அதில் ஐந்தில் ஒன்று.

காற்றுக்கு வாருங்கள். வாடை என்ற சொல்லே வடக்கிலிருந்து வருவது. பூமி சுழலாவிட்டால் மார்கழி, தை மாதங்களில் அது நேர் வடக்கிலிருந்தே வரும். வலப்பக்கம் விலகுவதால் வடகிழக்கிலிருந்து, கடலைக் கடந்து ஈரம் வாரிக்கொண்டு வருகிறது, அதுதான் நம்முடைய மாரி, பெரும்போக வயலுக்குத் தண்ணீர். ஆனி, ஆடியில் தென்னரைக்கோளத்திலிருந்து வரும் தென்கிழக்குக் காற்று மத்தியகோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, நமக்கு வெறும் வறண்ட கச்சான் காற்றாக வந்து சேர்கிறது. ஒரே சுழற்சி நமக்கு மழையையும் தருகிறது, கச்சான் வரட்சியையும் தருகிறது.

சூறாவளி என்பது தாழமுக்கத்தை நோக்கி ஓடும் காற்று வலப்பக்கம் விலகி, மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றிக்கொள்வது. விலகல் போதாத இடத்தில் காற்று நேரே பாய்ந்து தாழமுக்கத்தை நிரப்பிவிடும், அதனால்தான் மத்தியகோட்டின் இருபக்கமும் 5 பாகைக்குள் சூறாவளி உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே 1.4 பாகையில் உண்டான வாமேய் அந்த அரிதான ஒன்று. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 5 பாகைக்கு வெளியே, வங்கக்கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கியது அப்படி வந்ததுதான்.

பிள்ளைகள் இதை மனதில் வைத்திருந்தால் உயிருக்கே உதவும்: கிழக்கிலிருந்து வரும் சூறாவளியின் மையத்துக்கு வடக்கே உள்ள கரையில் காற்று கடலிலிருந்து தரைக்கு அடிக்கும், கடல் ஏறுவது அங்கே. தெற்கே உள்ள கரையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். மையம் நேரே நம்மேல் வந்தால் முதலில் வடக்கிலிருந்து காற்று, பிறகு திடீரென அமைதி, அதன்பின் தெற்கிலிருந்து காற்று. அந்த அமைதியில் வெளியே வந்தவர்கள் இரண்டாவது அடியில் அகப்படுவார்கள். முதல் அடிக்கு ஒருபக்கம் சாய்ந்த மரமும் கூரையும் இரண்டாவது அடிக்கு எதிர்ப்பக்கம் விழும்.

தராசுப்படி:

விற்றராசு இருக்கிறது என்றீர்கள், அதற்கு ஒரு கணக்கு. ஈர்ப்பு ஆர்முடுகல் முனைவில் 9.832, நமக்கு 9.781. முனைவில் 50 கிலோ காட்டும் நெல்மூட்டை அதே விற்றராசில் மட்டக்களப்பில் 49.74 கிலோ காட்டும், 260 கிராம் குறைவு. அதில் ஏறத்தாழ 170 கிராம் நேரே மையநீக்கத்தால், மிச்சம் இடுப்புப் பருத்ததால். தட்டுத்தராசில் ஒரு கிராமும் மாறாது, ஏனென்றால் படியும் அதே அளவு நிறை குறைகிறது. திணிவு வேறு, நிறை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. கடைகளில் உள்ள மின்தராசும் உள்ளே விசையைத்தான் அளக்கிறது. 45 பாகையில் திருத்தி அனுப்பிய தராசை இங்கே அப்படியே பாவித்தால் கிலோவுக்கு இரண்டரைக் கிராம் குறைத்துக் காட்டும். நகைக்கடைக்கு அது பெரிய காசு. பாவிக்கும் இடத்திலேயே நியமப் படி வைத்துத் திருத்த வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரேயொரு விற்றராசை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை மண்டபத்தில் காட்ட முயலாதீர்கள். பள்ளிக்கூட விற்றராசின் பிழையே இதைவிடப் பெரிது. கணக்காக மட்டும் செய்யுங்கள்.

வாவிக்கரை:

"ஒருநாளும் நிற்காதா" என்று எழும்பிக் கேட்கும் பிள்ளைக்கு: மந்தமாகிறது, ஆனால் மிக மெதுவாக. சந்திரன் கடலை இழுத்துப் பொங்க வைக்கிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்தப் பொங்கலைச் சந்திரனுக்கு முன்னே இழுத்துப் போகிறது. சந்திரன் பின்னே இழுக்கிறது, தண்ணீர் ஆழம் குறைந்த கடலடியில் உரசுகிறது. இதனால் நாள் நூறு வருடத்துக்கு ஏறத்தாழ 2.3 மில்லிசெக்கன் நீள வேண்டும். பனிக்காலப் பனிப்பாறைகள் உருகிய பின் நிலம் மெல்ல நிமிர்ந்துவருவது சுழற்சியைச் சற்றே விரைவாக்குவதால் உண்மையில் 1.8 அளவுதான். பூமி இழந்த கோண உந்தம் சந்திரனுக்குப் போய், அது வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகுகிறது. 1969 முதல் சந்திரனில் வைத்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளந்த எண் இது.

மில்லிசெக்கன் என்று அலட்சியம் வேண்டாம், அது நாள்தோறும் கூடிக்கொண்டே போகும். கி.மு. 136 இல் பாபிலோனில் பதிந்த முழுச் சூரியகிரகணத்தை இன்றைய சுழற்சி வேகத்தோடு பின்னோக்கிக் கணித்தால் 3 மணித்தியாலத்துக்கு மேல் பிசகுகிறது. 1972 முதல் 2016 முடிய மணிக்கூடுகளில் 27 தடவை ஒரு செக்கன் சேர்த்ததும் இந்தச் சுழற்சியோடு ஒத்துப்போகத்தான்.

இன்னொன்றையும் பிள்ளைகள் கேட்பார்கள், நம்முடைய கரையில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் பூமியின் திணிவை அச்சுக்குச் சற்றுக் கிட்டக் கொண்டுவந்தது, கதிரையில் கையை உள்ளே இழுத்ததுபோல. நாள் சுருங்கியது சில மைக்ரோசெக்கன்: நாசாவின் முதல் கணிப்பு 2.68, பிறகு திருத்திய கணிப்பு 6.8. கல்முனை, சாய்ந்தமருதில் வீட்டுக்கு வீடு இழப்பு இருக்கிறது. ஆகவே இந்த எண்ணை அடக்கமாக, விளையாட்டாக்காமல் சொல்லுங்கள்.

கல்லடி ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பட்டறையை எந்த மாதம் வைத்தால் நல்லது?

அக்கரை வானம்:

மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் 9 இல் முடியுங்கள். மாரி முகில் கலைந்திருக்கும், பின்னேர இடிமழை வந்தாலும் இரவில் வானம் பெரும்பாலும் திறக்கும். மார்ச் 25 அளவில் ஓரியன் இடுப்பு மேற்கே 30 பாகைக்கு இறங்குவது இரவு 9.20 அளவில், பத்து நாள் கழித்து 8.40 அளவில்.

ஏப்ரல் 9 அளவில் மட்டக்களப்பில் சூரியன் நேர் உச்சி. ஒரு மீற்றர் கோலைத் தூக்குநூல் பிடித்து நிமிர்த்துங்கள், ஒரு பாகை சரிந்தாலே நேரம் நான்கு நிமிடம் பிழைக்கும். நமக்கு உச்சி 12 மணிக்கு வராது. இலங்கை நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு வைத்தது, நாம் 81.7 இல் இருக்கிறோம், அன்று சூரியன் மணிக்கூட்டுக்குச் சற்றுப் பிந்துவதையும் சேர்த்தால் 12.05 க்கு நிழல் கோலின் காலடியில் போய் ஒடுங்கும். அதே நாள் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடம் நிழல் மிகக் குறுகும் நேரத்தைப் பிடிக்கட்டும், 7.4 நிமிடம் பிந்தி வரும். நேர் கிழக்கு மேற்காக இரு இடத்துக்கும் 204 கிலோமீற்றர். தூரத்தை நேரத்தால் பிரித்தால் மணிக்கு 1,650 கிலோமீற்றர் அளவில் வரும், பூமி நம் காலடியில் ஓடும் வேகம் அதுதான்.

இடைப்பட்ட நாட்களில் துளை போட்ட அட்டையைக் கட்டிய இடத்திலிருந்து யாரும் கழற்ற வேண்டாம். மழைக்கு நனையாமல் மேலே ஒரு பொலித்தீன் மட்டும் போட்டுவிடுங்கள்.